ஊர் எது என்று கேட்டால்...

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டிவிட்டுக் கைகூப்பி நின்றோம். சித்தூருக்கு அருகிலுள்ள அத்திருத்தலம் சத்தியத்திற்குப் பேர்போனது. அங்கே பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சி, வழக்கையே விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு என்று அப்பகுதி மக்கள் கூறுவர். அர்ச்சகர் கோத்திரம் கேட்டார். என் நண்பர் சொன்னார். நட்சத்திரம் கேட்டார், சொன்னார். பிறகு அர்ச்சகர், அருகில் நின்ற நண்பரின் பேத்தியைப் பார்த்துப் பரிவோடு, "எந்த ஊர் அம்மா?" என்று வினவினார்.

பத்தொன்பது வயதுப் பெண் அவள். பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பிறந்தது சிங்கப்பூர். நான்கு வயதில் மஸ்கட். பதினொரு வயதில் டொரண்டோ. தந்தையின் வேலை அழைத்த இடமெல்லாம் குடும்பமும் சென்றது. தமிழ் பேசினால் புரிந்துகொள்வாள்; எழுத்துக்கூட்டிப் படிப்பாள். சித்தூர்த் தெருவில் ஒலிக்கும் தெலுங்கு அவளுக்குத் தெரியாது. அர்ச்சகர் புன்னகை புரிந்துவிட்டுப் பூஜையைத் தொடர்ந்தார். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு வெளியே வந்துவிட்டது.

மறுநாள் விடியுமுன் அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறினோம். மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். நண்பர் முழங்கால் வலியால் பேருந்தில் சென்றுவிட, அவளும் நானும் மெல்ல ஏறிக்கொண்டிருந்தோம். காலி கோபுரம் தாண்டியதும் அவள் கேட்டாள்:

"தாத்தா, மஸ்கட்டில் நாங்கள் என்றாவது திரும்பிப் போக வேண்டியவர்கள். கனடாவில் 'நீ உண்மையில் எந்த நாடு?' என்று கேட்பார்கள். சித்தூருக்கு வந்தால் நான் ஃபாரின் பெண். கோயிலில் பொய் சொல்லக் கூடாது என்றார் தாத்தா. அதனால்தான் நேற்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு ஊர் என்று ஒன்று இருக்கிறதா?"

அப்போது நான் சொன்ன பதில் அவளுக்கும் நிறைவு தரவில்லை, எனக்கும் தரவில்லை. அதன் பிறகு சிந்தித்ததையே இங்கு எழுதுகிறேன். இன்று பல வீடுகளில் இதே கேள்வியோடு பிள்ளைகள் வளர்கிறார்கள். சிலர் கேட்கிறார்கள், பலர் கேட்பதில்லை.

ஒரு சொல், ஐந்து பொருள்கள்

'ஊர்' என்று நம் முன்னோர் சொன்னபோது அதில் குறைந்தது ஐந்து பொருள்கள் அடங்கியிருந்தன. நாவில் முதலில் படிந்த மொழி ஒன்று. உறவினர் ஒன்று. கும்பிடும் தெய்வம் ஒன்று. முன்னோர் எரிந்த சுடுகாடு ஒன்று. நள்ளிரவில் துன்பம் வந்தால் கதவைத் தட்டும் உரிமை ஒன்று. இந்த ஐந்தும் ஒரே எல்லைக்குள் இருந்ததால், ஒரு பெயரைச் சொன்னால் போதுமாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு இவை ஐந்தும் ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவளிடம் ஊர் இல்லை என்பதன்று; ஒரே பெயரில் அடங்கும் ஊர் இல்லை. எனவே, அவள் தடுமாறியதை அறியாமை என்றோ, பற்றின்மை என்றோ எண்ணுவது தவறு. கேட்ட கேள்வி ஒன்று. அவள் தேட வேண்டிய விடைகள் ஐந்து.

நகராமலே மாறிய ஊர்

நகராமல் இருப்பவருக்காவது ஊர் நிலையானதா என்று பார்ப்போம். என் நண்பர் சித்தூரில் ஒரே வீட்டில் எண்பது ஆண்டுகளாக வாழ்கிறார். அவர் பிறந்தபோது அது சென்னை மாகாணம். 1953 அக்டோபர் முதல் நாள் அது ஆந்திர மாநிலமாயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் ஆந்திரப் பிரதேசமாயிற்று. வீட்டு வாசற்படி ஓர் அங்குலமும் நகரவில்லை. வீட்டில் தமிழ், வீதியில் தெலுங்கு என்று இரண்டையும் இயல்பாகப் பேசுகிறார். "எங்கள் ஊர்" என்று அவர் உறுதியோடு சொல்லும் சித்தூர் மாவட்டமே 1911ஆம் ஆண்டில், வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டதுதான். திருப்பதியும் 2022இல் அதிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று.

இந்த மண் யாருக்கு உரியது என்ற கேள்விக்காகப் பெரும் போராட்டமே நடந்தது. ம.பொ. சிவஞானம் அவர்கள் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்திச் சிறை சென்றார். பட்டாஸ்கர் தீர்ப்பை ஒட்டி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. இரு தரப்பிலும் இருந்தவர்கள் தம் மண்ணை நேசித்தவர்களே. அந்த நேசத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை.

ஆனால் மலைமேல் நிற்பவன் யாருக்கு உரியவன்? தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. ஆழ்வார்கள் அவனைத் தமிழில் பாடினர். பதினைந்தாம் நூற்றாண்டில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் தெலுங்கில் பாடினார். காஞ்சிபுரத்துப் பிரதிவாதி பயங்கரம் அண்ணன் வடமொழியில் சுப்ரபாதம் இயற்றினார். கோயிற் சுவர்களில் தமிழ், தெலுங்கு, கன்னடக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. 1843 முதல் 1933 வரை ஆலய நிர்வாகம், வடநாட்டிலிருந்து வந்த துறவியின் பெயரால் அமைந்த ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. வடநாட்டார் அவனைப் பாலாஜி என்கின்றனர். இன்றும் மார்கழி மாதத்தில் சுப்ரபாதத்திற்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவை அங்கே ஒலிக்கிறது. மொழிக்கொரு பெயர், ஒரு பெயரும் மற்றொன்றை விரட்டவில்லை.

மதனப்பள்ளிச் சிறுவன்

இதே நிலப்பகுதியிலிருந்து புறப்பட்டுப் பல நாடுகளில் வளர்ந்த ஒரு சிறுவனின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895 மே மாதம் மதனப்பள்ளியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். அப்போது மதனப்பள்ளி கடப்பை மாவட்டத்தில் இருந்தது. பின்னர் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. 2022இல் அங்கிருந்தும் பிரிக்கப்பட்டது. பத்து வயதில் தாயை இழந்தார். 1909இல் தந்தையார் குடும்பத்தோடு சென்னை அடையாறுக்கு வந்தார். அங்கே பிரம்மஞான சபையார் சிறுவனை உலக குருவாகப் போகிறவர் என்று கருதித் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். 1911இல் அவரும் தம்பி நித்யாவும் இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்.

தந்தை தம் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு அன்னி பெசன்ட் அம்மையார்மீது வழக்குத் தொடுத்தார். 1913இல் சென்னை உயர்நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1914இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. சிறுவர்களின் விருப்பம் இன்னதென்று கேட்டறியப்படவில்லை என்பதும் அப்போது சுட்டிக்காட்டப்பட்ட குறைகளுள் ஒன்று. சிந்தித்துப் பாருங்கள்: 'இப்பிள்ளை யாருக்கு உரியவன்?' என்று இரண்டு கண்டங்களில் வாதாடினார்கள். அந்தப் பிள்ளையிடம் 'உன் மனத்தில் என்ன இருக்கிறது?' என்று கேட்க மறந்துபோனார்கள். இன்று நாம் நம் வீடுகளில் நடத்தும் வாதங்களும் பல சமயங்களில் இப்படித்தான் இருக்கின்றன.

கிருஷ்ணமூர்த்தி நாளடைவில் தாய்மொழியான தெலுங்கை மறந்துவிட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அவரோடு வளர்ந்த தம்பி 1925இல் கலிபோர்னியாவின் ஓஹாய் பள்ளத்தாக்கில் மறைந்தார். 1929 ஆகஸ்டு 3ஆம் நாள் ஹாலந்து நாட்டு ஓமன் நகரில், தம்மைத் தலைவராகக் கொண்டு அமைக்கப்பட்டிருந்த சங்கத்தை அவரே கலைத்தார். அதன்பின் எந்த நாட்டுக்கும், மதத்துக்கும், அமைப்புக்கும் உரியவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆயினும் அவர் எங்கும் வேர்விடாமல் மிதந்துகொண்டே இருந்தார் என்று சொல்ல முடியாது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியில் வளரும் பிள்ளைகளைக் காண முதுமை வரை மீண்டும் மீண்டும் வந்தார். 1985ஆம் ஆண்டின் இறுதியிலும் அங்கே வந்திருந்தார். அடுத்த பிப்ரவரியில் ஓஹாயில் உடல் நீத்தார். அவருடைய தத்துவ முடிவுகளை நாம் முழுவதும் ஏற்காதிருக்கலாம். மொழி போயிற்று, தாய் போனார், தம்பி போனார்; எந்த அடையாளமும் வேண்டாம் என்றார். ஆனால் 'இப்பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது என் பொறுப்பு' என்ற கயிற்றை மட்டும் அவர் அறுத்துக்கொள்ளவில்லை. நாம் தேடும் விடைக்கு இது முதற்குறிப்பு.

எளிதாகக் கிடைக்கும் இரண்டு விடைகள்

பிள்ளைகளுக்கு நாம் வழக்கமாக இரண்டு விடைகள் தருகிறோம். "நீ எங்கே பிறந்தாலும் நம் ஊர்ப் பெண்தான், அதில் சந்தேகமே வேண்டாம்" என்பது முதலாவது. இதில் அன்பு இருக்கிறது. உண்மை பாதிதான் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பத்தொன்பது ஆண்டு வாழ்க்கையை, அவளுடைய தோழியரை, பள்ளிக்கூடத்தை, பனி பெய்யும் தெருவை இது இல்லாதது ஆக்கிவிடுகிறது. வந்து நிற்கும் குழந்தையை நாம் காண்பதில்லை. நம் நினைவிலுள்ள குழந்தையையே காண்கிறோம்.

"உலகமே நம் ஊர்தான், ஆன்மாவுக்கு ஏது ஊர்?" என்பது இரண்டாவது. இது மிக உயர்ந்த உண்மை. அதனாலேயே கைப்பிடி அரிசிக்கு அழும் குழந்தையிடம் அன்னபூரணியின் பெருமையைப் பேசுவதுபோல் ஆகிவிடக் கூடாது. ஞானி 'எல்லாம் என் ஊர்' என்பது நிறைவினால். தனிமையில் தவிப்பவன் அதைச் சொன்னால், எதுவும் தன் ஊர் இல்லை என்ற வலியை மறைப்பதற்காக இருக்கலாம். சொற்கள் ஒன்றே, உள்ளே இருப்பது வேறு. படியில் ஏறும்போது நான் அவளுக்குச் சொன்னதும் இந்த இரண்டாவது விடைதான். அவள் மரியாதையாகத் தலையசைத்தாள். அவள் மனம் அதை ஏற்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

சத்தியகாமனின் விடை

சாந்தோக்கிய உபநிஷதத்தில் இதே கேள்வி ஒரு சிறுவனிடம் கேட்கப்படுகிறது. கல்வி கற்க விரும்பிய சத்தியகாமன், தன் கோத்திரம் எது என்று தாய் ஜாபாலையிடம் கேட்கிறான். "இளமையில் பல இடங்களில் பணிசெய்து திரிந்தபோது உன்னைப் பெற்றேன், கோத்திரம் எது என்று நான் அறியேன்" என்கிறாள் அவள். தன் பெயரையே அவனுக்குத் தருகிறாள். கௌதம முனிவர் கோத்திரம் கேட்டபோது, அவன் தாய் சொன்னதை ஒரு சொல்லும் மறைக்காமல் ஒப்பிக்கிறான். வாய்மையிலிருந்து வழுவாத அவனை முனிவர் சீடனாக ஏற்றுக்கொள்கிறார்.

கதை இதோடு முடிவதில்லை. மெலிந்த நானூறு பசுக்களைப் பிரித்து அவனிடம் ஒப்படைக்கிறார் குரு. இவை ஆயிரமாகப் பெருகாமல் திரும்பேன் என்று சொல்லி அவற்றை ஓட்டிச் செல்கிறான் அவன். ஆண்டுகள் பல கழிகின்றன. பசுக்கள் ஆயிரமானபோது மந்தையிலிருந்த காளை அவனுக்கு பிரம்மத்தின் ஒரு பாதத்தை உபதேசிக்கிறது. கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்ற நான்கு திசைகளும் சேர்ந்து அப்பரம்பொருளின் ஒரு பாதம் என்கிறது. பின்னர் அக்கினியும், அன்னமும், நீர்ப்பறவையும் மற்றப் பாதங்களைக் கற்பிக்கின்றன.

இந்த வரிசையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலில் உண்மை: தன்னிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்லாமை. அடுத்துப் பொறுப்பு: மெலிந்த உயிர்களை ஏற்று வளர்த்தல். கடைசியில் ஞானம்: எத்திசையும் அவன் பாதமே என்ற அனுபவம். நாம் செய்யும் பிழை, கடைசிப் படியை முதலிலேயே பிள்ளைகளிடம் நீட்டுவதுதான். காணிப்பாக்கத்தில் அந்தப் பெண் வாய்மூடி நின்றாளே, அது குறையன்று. சத்திய விநாயகர் முன் அவள் முதற்படியில் சரியாகவே நின்றாள்.

எறும்புகளும் ஒரு படியும்

இரண்டாம் படிக்குத் திருமலையிலேயே சான்று இருக்கிறது. அனந்தாழ்வான் கர்நாடகப் பகுதியில் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் இராமானுஜரின் சீடரானவர். திருவேங்கடவனுக்கு மலைமேல் தங்கிப் பூத்தொண்டு செய்ய யார் உளர் என்று ஆசாரியர் கேட்டபோது, குளிருக்கும் காட்டுக்கும் அஞ்சாமல் எழுந்தவர் அவர் ஒருவரே. மலைக்கு வந்து மனைவியோடு சேர்ந்து மண் வெட்டி ஏரி அமைத்து, நந்தவனம் வளர்த்தார். அந்த மலை அவர் பிறந்த ஊர் அன்று. ஆனால் இன்று அவரைத் திருமலைக்கு உரியவர் அல்லர் என்று யாரேனும் சொல்வார்களா?

அவரைப்பற்றி வழங்கும் கதை ஒன்று. ஒருமுறை திருமலையிலிருந்து பிரசாதம் கட்டிக்கொண்டு வேறொரு தலத்திற்குப் புறப்பட்டார். வழியில் மூட்டையை அவிழ்த்தபோது உள்ளே எறும்புகள் ஊர்ந்தன. உதறிவிடலாமே என்றனர் உடன் வந்தோர். அவர் மறுத்தார். அந்த மலையில் ஏதேனும் ஒரு பிறவி வாய்த்தால் போதும் என்று வேண்டிப் பிறந்த அடியார்களாக இவை இருக்கலாமே என்று கூறி, வந்த வழியே திரும்பி நடந்து, எறும்புகளைத் திருமலையிலேயே விட்டுவிட்டு வந்தாராம். தாம் ஊரை விட்டு வந்தவர், பிற உயிர்களின் ஊரை இவ்வளவு மதித்தார். புலம்பெயர்ந்தவரின் மனம் இப்படியும் கனியலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அவர் அவ்வாறு எண்ணக் காரணமாக இருந்தவர் குலசேகர ஆழ்வார். சேரநாட்டு அரசர் அவர்; வேங்கடத்தில் பிறந்தவர் அல்லர். அரசும் செல்வமும் வேண்டாம், அந்த மலையில் நாரையாகவோ, மீனாகவோ, மரமாகவோ, வழியாகவோ இருந்தால் போதும் என்று பாடினார். இறுதியில் அடியவரும் தேவரும் ஏறி மிதிக்கும் படியாகக் கிடந்து அவன் முகம் காண விழைந்தார். சந்நிதி வாயிற்படிக்கு இன்றும் 'குலசேகரன் படி' என்றே பெயர். 'எனக்கு அங்கே இடம் உண்டா?' என்று அவர் கேட்கவில்லை. 'மற்றவர் ஏறிவர நான் இடமாக இருப்பேன்' என்றார். அரண்மனையில் பிறந்த ஊரைவிட, தாமே விரும்பித் தம்மை ஒப்படைத்த இடமே அவர் பெயரால் நிலைத்தது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. 1867இல் அயர்லாந்தில் பிறந்த மார்கரெட் நோபிள் 1898 ஜனவரியில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். இங்குள்ள வெப்பத்தையும், வறுமையையும், மக்கள் ஐயத்தோடு பார்ப்பார்கள் என்பதையும் சுவாமி விவேகானந்தர் முன்கூட்டியே எழுதி எச்சரித்திருந்தார். சகோதரி நிவேதிதையாகிய அவர், வடகல்கத்தாவின் சந்துகளில் பெண்குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தியும், பிளேக் நோய் பரவியபோது தெருவைச் சுத்தம் செய்தும் தம் உரிமையைப் பெற்றார். 1911இல் அவர் மறைந்தபோது, அவரை அயல்நாட்டவர் என்று எண்ண எவருக்கும் தோன்றவில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

ஊர் என்ற சொல்லின் ஐந்து பொருள்களுக்கு மீண்டும் வருவோம். இவற்றுள் சில தாமே வந்து சேர்வதில்லை. பெற்றோர் கொடுத்தால்தான் உண்டு. மொழி அத்தகையது. இழந்த மொழியை எந்தத் தத்துவமும் திருப்பித் தராது. பாட்டி சொல்லும் கதை பேத்திக்குப் புரியாமல் போவது உண்மையான இழப்பே. அதை இழப்பன்று என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். நாள்தோறும் அரை மணி நேரமாவது வீட்டில் தாய்மொழி ஒலிக்கட்டும்.

இரண்டாவதாக, நாம் ஏன் இடம்பெயர்ந்தோம் என்ற உண்மையைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். 'உனக்காகத்தான் வந்தோம்' என்று மட்டும் சொன்னால் அவர்கள்மீது ஒரு கடன் ஏறுகிறது. நம் ஆசைகளும் அதில் இருந்தன என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

மூன்றாவது, ஒரு பொறுப்பு. எந்த நாட்டில் இருந்தாலும் பிள்ளைகள் அங்கே யாருக்கேனும் தேவைப்படுகிறவர்களாக வளர வேண்டும். கதவைத் தட்டும் உரிமை, தன் கதவைத் திறந்து வைப்பவனுக்கே கிடைக்கிறது. ஊரில் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. வந்து நிற்கும் பிள்ளையிடம் 'எந்த ஊர்?' என்பதைத் தேர்வு வினாவாகக் கேட்காமல், 'வா, உட்கார்' என்பதை முதலில் சொல்வோம்.

அன்று மலைப்பாதையில் ஒரு தெலுங்கு மூதாட்டி ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சளும் குங்குமமும் இட்டுக்கொண்டே ஏறிவந்தார். குங்குமச் சிமிழைக் கீழே வைத்து எடுப்பதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. பேத்தி ஒன்றும் பேசாமல் சிமிழை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவருடன் இருநூறு படிகளுக்குமேல் அப்படியே ஏறினாள். அந்த அம்மையார் அவளைத் "தல்லி" என்றுதான் அழைத்தார். தெலுங்கு அறியாத அவளுக்கு அச்சொல் விளங்கியது.

சில மாதங்கள் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. டொரண்டோவில் முதியோர் இல்லம் ஒன்றில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாட்டி ஒருவருக்குச் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறாளாம். எழுத்துக்கூட்டிப் படிப்பதால் நேரமாகிறதாம். பாட்டி பிழை திருத்துகிறாராம். நினைவு மங்கிய அவர் ஒவ்வொரு வாரமும், "நீர் எவ்விடம், பிள்ளை?" என்று புதிதாகக் கேட்கிறாராம்.

"ஒவ்வொரு வாரமும் சிங்கப்பூரிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொல்கிறேன், தாத்தா. அவரும் தம் கிராமத்தைப்பற்றிச் சொல்கிறார். அந்த வீடு இப்போது இல்லையாம். ஒரு வாரம் காய்ச்சலால் நான் போகவில்லை. பிள்ளை எங்கே என்று அவர் தேடியதாகச் சொன்னார்கள். என் ஊர் எது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் என்னைத் தேடுகிற இடம் ஒன்று இருக்கிறது" என்று எழுதியிருந்தாள்.

நண்பர் கடிதத்தை இருமுறை படித்தார். பிறகு மடித்து, பூஜை அறையில் வேங்கடவன் படத்தின் அருகில் வைத்தார்.

நம்மைத் தேடுவோர் இருக்கும் இடம் நம் ஊர். நம்மால் தேடப்படுவோர் எத்தனை பேரோ, அவ்வளவு பெரியது அதன் எல்லை. அவ்வெல்லையை நாள்தோறும் சிறிது விரித்துக்கொண்டே செல்லும் மனத்தை, எல்லாத் திசைகளையும் தன் பாதமாகக் கொண்ட பரம்பொருள் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அருள்வானாக.